ஒரு ஆடு போதும்

“ஒரு மனுஷன் எவ்வளவு பெரிய ஆளுங்கிறதை, அவன் சாவுக்கு எத்தனை குதிரை அறுத்தாங்கன்னு வெச்சுத்தான் சொல்ல முடியும். உலகம் பூரா இதான் கணக்கு” என்றான் ஷேராலி. சொல்லும்போதே பெட்டைக் குதிரையின் கழுத்தில் கயிற்றை மாட்டிவிட்டான். தலைநகர் பிஷ்கெக்கின் சந்தையில் கைப்பேசி உறை விற்பவனுக்கு உலகம் பூராவும் தெரிந்திருந்தது.

கயிற்றின் மறுமுனையை அவன் தங்கை புருலாய் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, ஒரு ஆடு போதும்னு அப்பா சாகுற அன்னிக்குக்கூட சொன்னாரு. குதிரைமேல கைய வைக்காதீங்கன்னாரு. இதோட பாலைப் புளிக்க வெச்சு வித்துத்தான் நானும் எம்பொண்ணும் சாப்பிடறோம்.”

“பிளாஸ்டிக் பையத் துவைச்சுக் காயப்போட்ட மனுஷன் வேற என்ன சொல்வாரு?”

அது உண்மைதான். கடையில் கொடுக்கும் பைகளை அப்பா ஒஸ்மன்குல் சோப்புப் போட்டுக் கழுவி, வேலியில் கவ்வி மாட்டிக் காயவைப்பார். ஊருக்கு வரும்போதெல்லாம் ஷேராலி விறைப்பாக நின்று அந்த வேலிக்கு ஒரு சல்யூட் அடிப்பான். “நம்ம வீட்டுக் கொடி பறக்குதுப்பா!” கிழவர் சிரிக்கமாட்டார். காய்ந்ததை எடுத்து நாலாக மடிப்பார்.

கத்தியோடு வந்த பக்கத்து வீட்டு ஜூமாதில் தயங்கினார். “குட்டி இன்னும் பால் குடிக்குதேப்பா.”

“ஊர் சிரிக்கும் சித்தப்பா. ஏய் புருலாய், அடுத்த மாசமே ரெண்டு குதிரை வாங்கி அனுப்பறேன். போதுமா?”

அப்பா சாவுக்குப் போட்ட கூடாரத்துக்குள் கிடந்தார். வெளியே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த ஆண்கள், அழுகையை நிறுத்தாமலே, கயிற்றைப் பார்த்தார்கள்.

புருலாய் கயிற்றை விட்டாள்.

அடக்கம் முடிந்து இருநூறு பேர் சாப்பிட்டார்கள். சாவு வீட்டுக் கறியை வந்தவர்கள் வீட்டுக்கும் கொடுத்தனுப்ப வேண்டும். “பை எங்க?” என்று ஷேராலி கத்தினான். புருலாய் அப்பாவின் பெட்டியைத் திறந்தாள். நாலாக மடித்த பைகள், விளிம்பு பிசகாமல், பெட்டி நிறைய. குதிரை துண்டு துண்டாக அவற்றுக்குள் ஏறி வாசலைத் தாண்டிப் போனது. “அப்பாவ நல்லா அனுப்பிவெச்சே தம்பி” என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். ஷேராலி ஒவ்வொரு முறையும் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தான்.

மாலையில் ஊர் கலைந்த பிறகு லாயத்துப் பக்கம் வந்தான்.

“புருலாய்… கறி ஏதாச்சும் மிச்சமிருக்கா?”

“எதுக்கு?”

“அங்க எம்புள்ளைங்க கறி சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு.”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த மாதத்துக் குதிரைகளைப் பற்றி அவள் கேட்கவில்லை.

“சட்டியில கழுத்தெலும்பு கெடக்கு. பைதான் இல்ல.”

பால் கறக்கும் நேரம். கட்டிப்போட்டிருந்த குட்டி கனைத்தது. பழக்கத்தில் எடுத்த வாளியோடு புருலாய் நின்றுகொண்டிருந்தாள்.

குழாயடியில் ஷேராலி குந்தியிருந்தான். யாரோ போட்டுவிட்டுப் போன பை ஒன்றுக்குச் சோப்புப் போட்டு, உள்பக்கத்தை வெளியே திருப்பி அலசினான். தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு வேலிக்குப் போய், அப்பாவின் கவ்வியால் அதை மாட்டிவிட்டு, காயும்வரை பக்கத்திலேயே நின்றான்.