ராயப்பன் யார் வீட்டுத் தாத்தா

ஈஸ்டர் பாஸ்கா கழிந்த ஞாயிறு, கடலூர் முதுநகரில் லியோ வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: வாசலையொட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் லியோ, கட்டில் விளிம்பில் அவர் மனைவி பெலிசியா, தையல் மிஷின் ஸ்டூலில் சிதம்பரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த லியோவின் அக்கா சகாயசெல்வி, மின்விசிறிக்கு நேர்கீழே சோபாவில் சுதந்திரத்துக்கு முன்பே இறந்துபோன கொள்ளுத்தாத்தா ராயப்பன். நாற்பது வயதில் இறந்தவராதலால் லியோவைவிட இளையவராக இருந்தார்.

அந்தப் பக்கத்தில் இறந்துபோனவரின் பிறப்புப் பதிவின் நகலை யார் எழுதி வாங்குகிறார்களோ அவர்கள் வீட்டுக்கு அந்த ஆளே வந்துவிடுவார். இறப்புப் பதிவின் நகலை எவர் வாங்கினாலும் போய்விடுவார். வம்சாவளி தேட முதலில் கிளம்பியவள் சகாயசெல்விதான். நகராட்சிக்கு எழுதினாள். அந்தக் காலத்தில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததோடு பதிவும் முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். அப்படி ஒருவர் இல்லையென்று பதில் வந்தது. பெலிசியா பங்குக் கோயிலில் ஞானஸ்நானப் பதிவைக் கேட்டாள். நகலும் ராயப்பனும் ஒரே காலையில் வந்து சேர்ந்தார்கள்.

அன்றிலிருந்து சகாயசெல்விக்குச் சோறு இறங்கவில்லை. வாராவாரம் இறால் தொக்கு கொண்டுவந்தாள். ராயப்பன் ருசித்துத் தின்றுவிட்டு, பெலிசியாவைப் பார்த்து, "நீ செஞ்சதாம்மா?" என்பார்.

"என் மூக்கப் பாரு, அவரு மூக்கப் பாரு. எங்க தாத்தா, வாக்கப்பட்டு வந்தவளப் பேத்தியாட்டம் கொஞ்சுறாரு" என்று தம்பியிடம் பொருமினாள்.

"வேணும்னா மூக்க மட்டும் கழட்டிக்கினு போங்க அண்ணி" என்றாள் பெலிசியா.

தனக்கில்லாதவர் அவளுக்கும் வேண்டாமென்று சகாயசெல்வி அன்றே முடிவுகட்டினாள். ஆனால் இறப்புப் பதிவு அடக்கம் செய்த ஊர்க் கோயிலில்தான் இருக்கும்; அவரை எந்த ஊரில் அடக்கம் செய்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. இந்த ஞாயிறு மத்தியானம் பெலிசியா ரசம் எடுக்க உள்ளே போன நேரம், சகாயசெல்வி அவரிடமே கேட்டாள்.

"சேத்தியாத்தோப்பு. அறுப்புக்குப் போன எடத்துல காலரா. எதுக்குக் கேக்குற?"

"உங்கள அனுப்பத்தான்."

ராயப்பன் வாய்விட்டுச் சிரித்தார். "உசுரோட இருந்தப்ப எனக்காக ஒருத்தரும் சண்ட போட்டதில்ல தாயி. எழுது."

அவர் ஆண்டும் மாதமும் சொல்லச் சொல்ல, இறப்புப் பதிவின் நகல் கேட்டு சேத்தியாத்தோப்புப் பங்குச்சாமியாருக்கு எழுதி முடித்தாள். முடித்ததும் அழுதாள். ரசத்தோடு வந்த பெலிசியா கடிதத்தைப் படித்துவிட்டு, அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அதிலிருந்தே ஒரு பருக்கையை எடுத்து நசுக்கி ராயப்பன் கவரை ஒட்டினார். லியோ சட்டையை மாட்டிக்கொண்டு போய்த் தெருமுனைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.