வடத்தின் மேல் உட்கார்ந்தவன்

மோகனூருக்கு மேற்கே இரண்டு கல் தொலைவில் எனக்கு நாலு ஏக்கர் தோட்டமும் ஒரு கிணறும் உண்டு. பெயர் வேலுமணி. ஊரில் முசுடு என்று சொன்னால்தான் சட்டென்று தெரியும். யாராவது 'இதைச் செய்யாதே' என்று சொல்லிவிட்டால் போதும், அதைச் செய்து முடிக்கும்வரை எனக்குச் சோறு இறங்காது. மயிலைப் பசு விஷயத்திலும் அந்தக் கிறுக்குத்தான் பிடித்தது.

மயிலை என் பெண்சாதி கண்ணாத்தாளின் சீர் மாடு. கல்யாணத்தன்று சீர்த்தட்டுகளுக்குப் பின்னால் ஆறு மாதக் கிடாரியாக நடந்து வந்தது. ஈன்ற அன்றே தாய் செத்துப்போன கன்று அது. அதே வருஷம் கண்ணாத்தாளும் தாயைப் பறிகொடுத்திருந்தாள். அந்தக் கன்றை அவள்தான் சங்கில் பாலூட்டி வளர்த்திருக்கிறாள். நான் சத்தம் போடுகிற நாட்களில் சாணி அள்ளுகிற சாக்கில் கட்டுத்தறிக்குப் போய், அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டே என்னென்னவோ பேசுவாள். என்னிடம் அதில் பாதிகூடப் பேசியதில்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

மேட்டூர் அணை கட்டி முடித்த மறு வருஷம், பரமத்திப் பக்கத்தில் ஒரு பண்ணைக்காரர் சிந்திக் காளை ஒன்றை வாங்கி வந்தார். மலை போன்ற உடம்பு. அதற்குச் சேர்த்தால் பிறக்கிற கிடாரி குடம் குடமாகக் கறக்கும் என்று சந்தையெல்லாம் பேச்சு.

"வேண்டாமுங்க மாமா. நம்ம மாடு சிறுகூடு. அத்தாப் பெரிய காளைக்குக் கன்னும் பெருசாத்தான் இருக்கும். இது எப்புடி ஈனும்?" என்றாள் கண்ணாத்தாள்.

வேண்டாம் என்று சொன்னாளா இல்லையா? அவள் ஓர் எழவு வீட்டுக்குப் போயிருந்த அன்று மயிலையை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு வந்தேன். வந்ததும் தெரிந்துகொண்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு மறந்திருப்பேன். ஒன்பது மாதமும் மயிலையின் வயிறு பெருக்கப் பெருக்க அவள் அதைத் தடவிப் பார்த்ததும், என்னை நிமிர்ந்து பார்க்காததும்தான் என்னைத் தின்றது. ஆனால் வாயைத் திறந்து ஒப்புக்கொள்வேனா? அதுதான் முடியாதே.

சித்திரை மாதம். விடிகாலையில் பனிக்குடம் உடைந்தது. மயிலை கட்டுத்தறியில் நிற்காமல் தோட்டத்துக்குள் நடந்து, கிணற்றடியில் கவலை வாரியின் தலைமாட்டில் போய்ப் படுத்துவிட்டது. எருது பூட்டி, வடத்தில் கட்டிய சால் என்னும் பெரிய வாளியால் கிணற்று நீரை இறைப்பது கவலை; அந்த எருதுகள் வடத்தை இழுத்துக்கொண்டு இறங்கிப் போகும் சரிவைத்தான் வாரி என்போம். வெயில் ஏறிக்கொண்டே வந்தது. ஒரு முன்னங்கால் குளம்பு மட்டும் வெளியே தெரிந்தது. மாடு முக்கியது, ஓய்ந்தது, முக்கியது. வேறொன்றும் வரவில்லை.

"சோம்பல் பட்டுக்கிட்டுக் கெடக்குது. எழுப்பி நடக்க உடு," என்றேன்.

"எருது நோவு காக்காய்க்குத் தெரியுமா?" என்றாள் கண்ணாத்தாள். ஒன்பது மாதத்தில் அந்தப் பேச்சை ஒட்டி அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

முழங்கைக்கு மேல்வரை விளக்கெண்ணெய் பூசிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். சிறிய கை அவளுக்கு. இன்னொரு கால் உள்ளே மடங்கிக் கிடந்திருக்கிறது. மாடு முக்காத நேரமாகப் பார்த்துக் கன்றைப் பின்னுக்குத் தள்ளி, குளம்பு உள்ளே கிழித்துவிடாமல் உள்ளங்கையால் மூடி, மெல்ல நீட்டிக் கொண்டுவந்தாள். அவள் உதடெல்லாம் கடித்து ரத்தம். இரண்டு குளம்பும் தெரிந்தன. பிறகு மூக்கு நுனியும், நீலம் பூத்த நாக்கும். அதோடு சரி. நெற்றி வந்து முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அவ்வளவு பெரிய தலை.

பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி பச்சமுத்து ஓடி வந்தான். காலில் கயிறு கட்டி நானும் அவனும் இழுத்துப் பார்த்தோம். வழுக்கியது, கை எரிந்தது, ஓர் அங்குலம் நகரவில்லை. மயிலை தலையைத் தரையில் போட்டுவிட்டது.

"பங்காளி, மனுசன் இழுத்தா வராது. கவலை எருதைப் பூட்டு. ஒரே இழுப்பு," என்றான் பச்சமுத்து.

அடக் கெரகமே, இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று பாய்ந்தேன். வாரித் தலையிலேயே படுத்திருக்கிறது மாடு. எருதும் இங்கே, வடமும் இங்கே. தண்ணீர்ச் சால் வாளியை அவிழ்த்துப் போட்டுவிட்டு எருதுகளைப் பூட்டினேன். வடத்தின் நுனியைக் கன்றின் காலில் கட்டினேன். சாட்டையை ஓங்கினேன்.

கண்ணாத்தாள் எருதுகளுக்கு முன்னால் வந்து கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கட்டால போ புள்ள! மாடு சாகுது!"

"இதுக ரெண்டும் வாரிக் கடைசிக்குப் போகாம என்னைக்காச்சும் பாதியில நின்னிருக்குதா? நீங்க கத்துனா நிக்குமா? நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க."

ஓங்கிய கை அப்படியே நின்றது. எட்டு வருஷமாக அந்த ஜோடி அதே வாரியில் இறங்குகிறது. கடைசிக் கல்வரை போனால்தான் சால் மேலே வந்து கவிழும். அதுவரை இடி விழுந்தாலும் நிற்காது, அப்படித்தான் பழக்கியிருக்கிறேன். ஓட்டி விட்டிருந்தால் கன்றோடு மாட்டின் குடலும் வாரியில் வந்திருக்கும். சாட்டையைக் கீழே போட்டேன்.

"அப்பறம் என்னதான் பண்ணச் சொல்ற?" என்று கேட்டேன். அதையும் கத்தித்தான் கேட்டேன். பயந்தாலும் எனக்குக் கத்தத்தான் வரும்.

அவள் வடத்தைப் பார்த்தாள். வாரியின் கீழ்க்கோடியில் நிற்கிற வேப்பமரத்தைப் பார்த்தாள்.

"எருதை அவுத்து உடுங்க. வடத்தை அந்த வேம்புல கட்டுங்க. நீங்க நடுவுல உக்காருங்க, சால் எறைக்கறப்ப உக்கார்றீங்கல்ல, அந்த மாதிரி. நான் சொன்னா உக்காரோணும், சொன்னா எந்திரிக்கோணும்."

கவலை ஓட்டுகிற எல்லாரும் செய்வதுதான். எருது இறங்கும்போது விறைத்து நிற்கிற வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்தால் ஆள் பாரமும் சேர்ந்து இழுக்கும். ஆனால் எருதே இல்லாமல், இரண்டு முனையும் கட்டிய வடத்தின் நடுவில் உட்கார்ந்தால் இழுவை பல மடங்கு கூடும் என்றும், எழுந்த நிமிஷமே தளர்ந்துவிடும் என்றும் அவளுக்கு எப்படித் தோன்றியதோ. பச்சமுத்து வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

அவள் தன் பழைய சேலையைக் கிழித்து, கன்றின் கணுவுக்கு மேலே மெத்தென்று சுற்றி, அதன் மேல் வடத்தைப் போட்டாள். மயிலை சரியாதபடி தலைக்கயிற்றைக் கிணற்றுத் தூணில் கட்டினோம். பச்சமுத்து வேப்பமரத்தடியில் வடத்தை இறுக்கிப் பிடித்துக் கட்டினான். நான் நடுவில் நின்றேன். கண்ணாத்தாள் மாட்டின் வயிற்றில் ஒரு கையும், கன்றின் நெற்றி ஓரத்தில் எண்ணெய் வழிகிற இன்னொரு கையுமாக மண்டியிட்டாள்.

"என்ற சாமி, இன்னங் கொஞ்சந்தான் சாமி," என்றாள் மயிலையிடம். பிறகு என்னிடம், "உக்காருங்க!"

உட்கார்ந்தேன். வடம் முறுகியது. மாடு முக்கியது.

"எந்திரிங்க!"

எழுந்தேன். தளர்ந்த கயிற்றைப் பச்சமுத்து இழுத்துக் கட்டினான். மறுபடி உட்கார். மறுபடி எழு. எத்தனை தடவை என்று தெரியாது. ஒரு தடவை வடம் என் தொடைக்குக் கீழே கொஞ்சம் நகர்வது தெரிந்தது. வருகிறது! இப்படியே இன்னும் ஒரு தம் உட்கார்ந்தால் வந்துவிடும் என்று உடம்பெல்லாம் துடித்தது.

"எந்திரிங்க!"

"வருது புள்ள, வருது!"

"அது மூச்சு வாங்குது. எந்திரிங்க மாமா!"

எழுந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நாலு ஏக்கரையும் தனியாளாக உழுவது அதைவிடச் சுலபம். என் வாழ்நாளில் ஒருவர் சொல்லி நான் நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

அடுத்த முக்கலில் நெற்றி வெளியே வந்தது. அதற்கடுத்துத் தோள். பிறகு ஒரேயடியாக வழுக்கிக்கொண்டு கன்று முழுவதும் வந்து விழ, வடம் தொய்ந்து நான் வாரியில் மல்லாக்க உருண்டேன். எழுந்து ஓடினேன். கன்று அசையவில்லை. கண்ணாத்தாள் அதன் வாயிலிருந்து சளியை வழித்துப் போட்டாள். நான் பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினேன். சளியும் நீரும் என் தோள்வரை வழிந்தன. பச்சமுத்து ஒரு வைக்கோலை அதன் மூக்கில் விட்டுக் குடைந்தான். ஒரு தும்மல்! கிடாரிக் கன்று. பச்சமுத்து குதித்தான்.

கண்ணாத்தாள் கன்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மயிலையின் தலைமாட்டுக்குப் போய்விட்டாள். மாடு கண் செருகிக் கிடந்தது. காது சில்லென்று இருந்தது. கன்றைக் கொண்டுவந்து மூக்கருகில் போட்டோம், மோந்துகூடப் பார்க்கவில்லை. கருப்பட்டித் தண்ணீரை மூங்கில் குழாயில் புகட்டினோம். கடைவாயில் வழிந்து போயிற்று.

"ஏய் மயிலே, ஏய் சாமி, என்னைப் பாரு," என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். குரல் சிறுபிள்ளைக் குரலாகிவிட்டது. பச்சமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நான் மயிலையின் முகத்துக்கு நேரே தரையில் உட்கார்ந்தேன். யாரிடம் சொல்கிறேன் என்று பார்க்கவில்லை. மாட்டிடம்தான் சொன்னேன் போலிருக்கிறது.

"தப்பு என்னுதுதான். அவ வேண்டாம்னு சொன்னா, நாந்தான் கேக்காம ஓட்டிட்டுப் போனேன். வீம்பு. வேற ஒண்ணுமில்லை. அவ தனியாக் கெடப்பா, நீ போயிராத."

சொல்லிவிட்டு அழுதேன். பச்சமுத்து பார்க்கிறானே என்று தோன்றியது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். மாட்டின் கழுத்தின் மேல் இருந்த கண்ணாத்தாளின் கை அசையாமல் நின்றது.

எவ்வளவு நேரமோ. முழங்கையில் சூடாக ஏதோ பட்டது. மயிலையின் நாக்கு. கன்றின் நீர் என் கையெல்லாம் காய்ந்து ஒட்டியிருந்ததல்லவா, அந்த வாசனையில் கண்ணைக்கூடத் திறக்காமல் என்னை நக்கியது. ஒரு தடவை நக்கி ஓய்ந்தது. பிறகு இன்னொரு தடவை. பிறகு தலையை ஒரு சாண் தூக்கி, என் கையை மணிக்கட்டிலிருந்து தோள்வரை அழுத்தி அழுத்தி நக்க ஆரம்பித்தது. அரம் போட்டுத் தேய்த்த மாதிரி எரிந்தது. நான் கையை எடுக்கவில்லை.

"உங்களைத்தான் பெத்தேன்னு நெனச்சுக்கிச்சு மாமா," என்றாள் கண்ணாத்தாள். சிரித்தாளா அழுதாளா என்று பிரிக்க முடியவில்லை. "இத்தாப் பெரிய கன்னு!"

அவள் சேலை முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். பச்சமுத்து கன்றைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தான். மயிலை என் கையை விட்டுவிட்டு அதை நக்கத் தொடங்கியது.