மோரொஸ், மோரா, மோரொன்

ஆண்பால் மோரொஸ், பெண்பால் மோரா, ஒன்றன்பால் மோரொன், என்று முனகிக்கொண்டே வருகிறேன், சாயர்புரம் பேருந்து குலுங்குகிறது, பக்கத்தில் அத்தை, பொண்ணு பாக்கப் போற நேரத்துல என்னல செபம் என்கிறாள், செபமில்ல அத்தை, கிரேக்கம், நாளைக்குப் பரீட்சை, மூன்றுக்கும் முட்டாளான என்றுதான் அர்த்தம், தமிழில் நல்ல பையன், நல்ல பெண், நல்ல மாடு, ஒரே நல்ல எல்லாருக்கும் போதும், கிரேக்கருக்குப் போதவில்லை, ஆளுக்கொரு வடிவம் கேட்டிருக்கிறார்கள், இறையியல் கல்லூரியில் இரண்டு தடவை தோற்றாயிற்று, இனியும் தோற்றால் குருவானவராக முடியாது, தூக்கத்தில்கூட வேற்றுமைகள் வெள்ளை அங்கியோடு பவனி வருகின்றன, அந்தக் கனவு எங்கே முடிந்து பெண் வீட்டுக் கூடம் எங்கே தொடங்கியதோ, மின்விசிறிக்கு அடியில் கண் சொக்குகிறது, எதிரில் கிருபாவதி, பார்க்க வந்த பெண், தட்டோடு நின்று, காப்பியா, மோரா என்று கேட்டாள், என் வாய் தானாகத் திறந்தது, பெண்பால், ஒருமை, முட்டாள் பெண், என்றேன்.

அத்தை என் தொடையைக் கிள்ளினாள், எங்க பிள்ளையவா சொல்லுதீய, அது எம்.எஸ்சி. படிச்சிருக்கு என்று அவள் அம்மா எழுந்தாள், இல்லம்மா, கிரேக்கத்துல அதுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு, உப்புச்சப்பில்லாதது, என்று சமாளித்தேன், அப்போ எங்க மோரும் சரியில்லையோ என்று குரல் இன்னும் ஏறியது, அவள் அப்பா வாசலைப் பார்த்தார், நாங்கள் போகவேண்டிய வழி அதுதான் என்று புரிந்து எழுந்தேன், இருங்க என்றாள் கிருபாவதி, ஆம்பளைக்கு என்ன சொல்லுவாவ, மோரொஸ், என்றேன், எதுக்க நின்னு கூப்பிடணும்னா, என்றாள், விளி வேற்றுமை, எனக்கு எப்போதும் மறந்துபோவது, அன்றைக்கு ஏனோ நினைவில் நின்றது, மோரே, என்றேன், அவள் டம்ளரை என் கையில் வைத்து, மோரே, மோரக் குடிங்க, என்றாள், முதலில் சிரித்தது அவள் அப்பா, பிறகு அத்தை, நான் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தப்பா நெனைக்காதீங்க, என் தலைக்குள்ள இப்போ அந்த ஒரு சொல்தான் இருக்கு என்றேன், தெரியுது, நம்ம ரெண்டு பேரையும் சேத்துச் சொல்லணும்னா என்று கேட்டாள், பழைய கிரேக்கத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே, இருவருக்கென்றே ஒரு வடிவம் உண்டு, பரீட்சைக்கு வராது, யாரும் படிக்கமாட்டார்கள், நான் படித்திருந்தேன், மோரோ, என்றேன், அவள் அம்மா வேண்டாமென்று கண்ணைக் காட்டக் காட்ட, நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.