சீமெந்துப் பேப்பரில் பஸ்ரியன்

விடியக் குசினிக்குள் போனால் என் மனிசனின் முகம் முழுக்க எறும்பு. நெற்றியில் ஒரு வரிசை, மூக்குத் தண்டில் ஒரு வரிசை, சொண்டில் ஒரு குவியல். "மாதாவே!" என்று நான் கத்திய கத்தில் மகள் மதுஷிகா பாயிலிருந்து எழும்பி ஓடிவந்தாள். வந்தவள் மேசையில் கிடந்த படத்தைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தேயிலைச் சாயத்தால் படம் கீறினால் தோல் நிறம் அப்படியே வரும் என்று போன் வீடியோவில் ஒருத்தன் சொன்னான். சீனி போடாத தேயிலை என்று அவன் சொல்லவில்லை. நான் மிஞ்சிக் கிடந்த, சீனி போட்ட பிளேன்ரீயில் பிரஷ்ஷைத் தோய்த்துக் கீறியிருந்தேன்.

"அம்மா, எறும்புக்குத்தான் அப்பாவை அடையாளம் தெரிஞ்சிருக்கு. இனியாவது விடுங்கோ."

விடுகிற ஆளா நான்? எங்கள் ஊர் அரிப்புக் கடற்கரையில் இந்தக் கிறேஸ் வாயைத் திறந்தால் அது நடந்தே தீரவேணும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருநாள் வலையில் நண்டு கழட்டிக்கொண்டிருந்த பெண்டுகள் எல்லாரும் கேட்கத்தான் சொன்னேன். எங்கள் கலியாணத்தின் வெள்ளிவிழா வருகிறது. என் மச்சாள் றொசானா மன்னார் ரவுணில் இருக்கிறவள். அண்ணனுக்கும் அண்ணிக்கும் படம் போட்ட பெரிய பனர் அடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தாள். "பனரும் வேண்டாம் கினரும் வேண்டாம். என்ரை மனிசனை நான் கீறி மாட்டுறன்" என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன், எந்தப் படத்தைப் பார்த்துக் கீறுகிறது?

என் மனிசன் பஸ்ரியனுக்கு முகம் நேரே தெரிய ஒரு படமும் கிடையாது. கலியாணப் படத்தில்கூடப் பக்கவாட்டில்தான் நிற்பார். அன்றைக்குப் படமெடுக்க வந்தவன், "மாப்பிள்ளை லைற்றுக்குப் பிடிபடுறாரில்லை" என்று சொல்லிப் பவுடரை அள்ளி அள்ளி அவர் முகத்தில் அப்பினான். சபை முழுக்கச் சிரித்தது. பள்ளிக்கூடத்தில் இவருக்கு வைத்த பேர் கரிச்சட்டி. அந்தப் பேரை ஆரோ பின்வரிசையில் இருந்து சொன்னதும் எனக்குக் கேட்டது. அன்றையில் இருந்து கமராவைக் கண்டால் மனிசன் முகத்தைத் திருப்பிவிடுவார். ஆனால் காலமை கடலால் வந்து, கதவடியில் நின்று, "கிறேஸ், தேத்தண்ணி" என்று கேட்கிற அந்த முகத்தை நான் இவ்வளவு காலமாகப் பார்க்கிறேன். அது எனக்கு எவ்வளவு விருப்பமான முகம் என்று அவருக்குத் தெரியாது. அதை ஒருக்கால் காட்டவேணும். பனர் கதையெல்லாம் வாய்க்கு வந்தது, மனதில் இருந்தது இதுதான்.

போன வருசம் நான் இறங்குதுறையில் வழுக்கி விழுந்து, காலுக்கு பிளாஸ்ரர் போட்டுக் கதிரையில் குந்தியிருந்த காலத்தில் பிடித்த விசர் இந்தப் படம் கீறுகிறது. முதலில் பென்சில். முகத்தை வெள்ளையாக விட்டு, மூக்கோரமும் தாடைக்குக் கீழும் மட்டும் நிழல் போடு என்று வீடியோ சொன்னது. போட்டேன். வந்தது அந்தோனியார் சொரூபம். பக்கத்து வீட்டுக்காரி மெழுகுதிரி கொளுத்தாத குறை. பிறகு கலர் பென்சில். மதுஷிகா படிப்பிக்கிற முன்பள்ளிப் பிள்ளைகள் பெட்டியில் ஒரு பென்சிலைத் 'தோல் கலர்' என்று சொல்லுவார்கள். அவித்த இறால் மாதிரி ஒரு நிறம். இந்தக் கரையில் ஆருக்கு அந்தத் தோல்? கோதாரி, அதற்கு மேல் மண்ணிறத்தைத் தேய்த்தால் மனிசன் காய்ச்சல்காரனாகிப் போனார். வோட்டர் கலரில் இரண்டு கண்ணும் வழிந்து கன்னத்துக்கு வந்துவிட்டது. ஆனால் பொய் சொல்லக்கூடாது, ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று கைக்குள் வந்தது. பென்சிலில் அவரின் மூக்கு பிடிபட்டது. வோட்டர் கலரில் ஒன்று காயும்வரைக்கும் பொறுத்திருக்கப் பழகினேன். என் குணத்துக்கு அது பெரிய விசயம்.

எறும்புக்குப் பிறகு சிரட்டைக்கரி எடுத்தேன். "ஒரே ஒருக்கால் இருங்கோவன்" என்று கெஞ்சி, கவிழ்த்த மீன்பெட்டியில் அவரை இருத்தினேன். கரி என் கைக்கு வாகாக இருந்தது. தேய்க்கத் தேய்க்க நிறம் வந்தது. ஒருநாளும் வராத கண் அன்றைக்கு உயிரோடு வந்தது. சந்தோசத்தில் மிச்சத்தையும் கறுப்பாக்கி, "வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டேன்.

அவர் வந்து பார்த்தார்.

"பள்ளிக்கூடத்தில வைச்ச பேரைத்தான் நீயும் கீறி வைச்சிருக்கிறாய்" என்றார். பிறகு பைப்படிக்குப் போய், ஊத்தையே இல்லாத முகத்தைச் சவுக்காரம் போட்டுக் கழுவினார். "இனி என்னை இருத்தாத."

எனக்கு அழுகை லேசில் வராது. அன்றைக்குச் சூடைமீன் கழுவிக்கொண்டே அழுதேன். மனிசனுக்கு நல்லது செய்யப்போய், சபையில் சிரித்தவர்களோடு நானும் சேர்ந்துவிட்டேனே என்று நெஞ்சு கொதித்தது.

அடுத்த கிழமை கடல் கொஞ்சம் அடித்தது. வள்ளங்கள் பிந்தித்தான் வந்தன. பஸ்ரியனிடம் ஒரு பழக்கம் உண்டு. கரைக்கு வரமுன்னம் பிளாஸ்ரிக் கானில் இருக்கிற நல்ல தண்ணியால் முகத்தைக் கழுவிவிட்டுத்தான் இறங்குவார். கூட்டாளிகள் "பொம்பிளை பாக்கவோ போறாய்?" என்று பகிடி பண்ணுவார்கள். அன்றைக்குக் கான் கவிழ்ந்துபோனதாம். கடல்தண்ணி காய்ந்த முகத்தோடு அப்படியே மணலில் ஏறி வந்தார். கரையில் நண்டு கழட்டிக்கொண்டிருந்த எங்களுக்குப் பின்னால் இருந்து எழும்பிய வெயில் நேரே அவர் முகத்தில் அடித்தது. புருவ எலும்பில் உப்பு, மூக்குத் தண்டில் உப்பு, கன்ன மேட்டில், கீழ்ச் சொண்டில், காது விளிம்பில் உப்பு. மிச்சமெல்லாம் அவர் நிறம். என் கையில் இருந்த நண்டு விரலைக் கவ்வியதுகூடத் தெரியவில்லை. பிறகு வலி தெரிந்தது, நல்ல வடிவாகத் தெரிந்தது.

விரலைச் சூப்பிக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன். இவ்வளவு நாளும் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு அந்த மனிசனைக் கறுப்பாக்கப் பாடுபட்டிருக்கிறேன். கரியை எடுத்தபோதோ இருந்த வெளிச்சத்தையும் மூடிவிட்டேன். அவர் தன் நிறத்தோடுதான் வருகிறார். நான் கீறவேண்டியது அவர் மேல் விழுகிற வெளிச்சத்தை மட்டும்.

பின்வீட்டில் அறை கட்டுகிறார்கள். ஒரு சீமெந்துப் பையைக் கேட்டு வாங்கி, பிரித்து, உள்ளே இருந்த துப்புரவான மண்ணிறத் தாளை எடுத்துத் தட்டி, ஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்த்தேன். "என்ரை சாறியெல்லாம் சீமெந்தாகப் போகுது!" என்று மதுஷிகா கத்தினாள். கத்தினாலும் முன்பள்ளியில் இருந்து கரும்பலகையில் எழுதுகிற வெண்கட்டி கொண்டுவந்து தந்தாள். கண்மணிக்கும் தலைமயிருக்கும் கொஞ்சம் கரி. மற்றதெல்லாம் வெண்கட்டி, அதுவும் உப்பு இருந்த இடங்களில் மட்டும். கன்னத்தில் நான் கையே வைக்கவில்லை, தாளே கன்னமாக இருந்தது. பின்னேரம் மதுஷிகா தேத்தண்ணியோடு வந்தாள். இந்தமுறை சிரிக்கவில்லை. "அப்பா" என்றாள், அவர் அங்கே நிற்கிற மாதிரி. நான் வெண்கட்டிக் கையோடு அவளைக் கட்டிப்பிடித்துக் குசினிக்குள் ஒரு சுற்றுச் சுற்றினேன். மாதாவறிய, பிள்ளை பெற்ற அன்றைக்குப் பிறகு அப்படி ஒரு சந்தோசம் எனக்கு வந்ததில்லை.

கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்து, அவருக்குக் காட்டாமல் மறைத்து வைத்தேன். வெள்ளிவிழா அன்றைக்குப் பூசை முடிந்து கோயில் மண்டபத்துக்கு வந்தோம். வேண்டாம் என்று சொல்லியும் மச்சாள் அடித்த பனர் ஒரு பக்கச் சுவர் முழுக்கத் தொங்கியது. அதில் பஸ்ரியன் பழைய கலியாணப் படத்தில் இருந்து வெட்டிய பக்க முகத்தோடு, சினிமா நாயகன் கணக்கில் வெள்ளையாக நின்றார். மற்றச் சுவரில் நான் கீறிய படம், மேலே மூடின சீலை. இதைப் பார்த்தும் மனிசன் முகத்தைத் திருப்பினால் இனி எந்தக் காலத்திலும் திரும்பாது என்று எனக்குத் தெரியும். சீலையை இழுத்தேன்.

"டேய் பஸ்ரியன், கடலால வாற மாதிரியே கிடக்கடா!" என்று கூட்டாளி ஒருத்தன் கத்தினான். ஆரும் சிரிக்கவில்லை. பஸ்ரியன் கிட்டப் போனார். கனநேரம் பார்த்தார். கை தானாக எழும்பித் தன் புருவத்தைத் தொட்டது.

"இது உப்பு" என்றார்.

"ஓம்."

"அண்டைக்கு முகம் கழுவாமல் வந்தனான். நீ பாத்தனியோ?"

"அண்டைக்கு மட்டுமோ? இருவத்தைஞ்சு வருசமாப் பாக்கிறன்."

படமெடுக்கிற பொடியன் எல்லாரையும் வரிசைக்குக் கூப்பிட்டான். றொசானா வழமைபோலப் பவுடர் டின்னோடு ஓடிவந்தாள். "அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. லைற்றுக்கு..."

பஸ்ரியன் அவள் கையை மெல்லப் பிடித்து விலக்கினார். "வேண்டாம் பிள்ளை. அந்தப் படத்தில நிக்கிறவன் பவுடர் போடேல்ல."

சொல்லிவிட்டுப் போய் என் படத்துக்குப் பக்கத்தில் நின்றார். நான் பழக்கதோசத்தில் அவர் முகம் திருப்புகிற பக்கமாகப் போய் நின்றேன். "றெடி" என்றான் பொடியன். ஓரக்கண்ணால் பார்த்தேன். மனிசன் திரும்பவில்லை. நேரே கமராவைப் பார்த்துக்கொண்டு நின்றார். லைற் அடித்தது. வேர்த்த முகத்தில் புருவ எலும்பும், மூக்குத் தண்டும், கன்ன மேடும், நான் வெண்கட்டி வைத்த அந்தந்த இடங்களில், ஒருமிக்க மினுங்கின.