வாங்கில் கிடந்த பை

அந்தக் கனத்த கண்ணாடியைத் தலையில் மாட்டியதும் ஆஸ்பத்திரி அறை மறைந்து, கொன்ஸ்ரன்ரைனுக்கு முன்னால் ஒரு முழுத் தெருவே வந்து நின்றது. அட கடவுளே! கடைகள் உண்டு, மரங்கள் உண்டு, மருந்துக்கும் ஒரு மனிதர் இல்லை. பட்டப்பகலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தால் குண்டு வெடிக்கும் கொழும்பில் வாழும் கொட்டாஞ்சேனைக்காரன் என்னவென்று நினைப்பான்?

“பேக்கரிக்குள்ள போங்க, ஐயா” என்றார் டொக்டர் நளீபா. குரல் மட்டும்தான் வந்தது.

கையிலிருந்த பொத்தானை அமத்த, தெரு நகர்ந்தது. பாரிசவாதம் வந்த பிறகு கையும் காலும் ஒருவழியாகத் தேறிவிட்டன. மூளையும் சரியென்று இந்தச் சோதனை சொன்னால்தான் துறைமுகத்துக் கிளார்க் வேலை திரும்பக் கிடைக்கும். வலது பக்கத்தில், ஆட்கள் அமரும் வாங்கில் ஒரு கறுப்புப் பை தனியே கிடந்தது. குண்டாக இருக்குமோ? வந்த வழியே திரும்பிவிட்டார்.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “வாசல் வரைக்கும் போய்ட்டு ஏன் திரும்பினீங்க? இடது பக்கம் பேக்கரி தெரியல்லையா?”

“பை ஒண்டு அநாதையாக் கிடக்குது, டொக்டர். எனக்குப் பாணா முக்கியம்?”

டொக்டர் சிரித்துவிட்டார். “இந்தத் தெருவைச் செஞ்ச வெளிநாட்டுக்காரன் அழகுக்கு வெச்ச பை அது. நானும் ஓடித்தான் இருப்பேன்!”

“நான் சொன்னனான்தானே, இந்த மனுசனுக்கு ஒண்டுமில்ல” என்றாள் மனைவி புளோறன்ஸ்.

கொன்ஸ்ரன்ரைனுக்குத்தான் குழப்பம். பேக்கரியா? இடது பக்கமா? எவ்வளவு யோசித்தும் வாங்கும் பையும்தான் நினைவுக்கு வந்தன. பயத்தில் கவனிக்கவில்லையாக்கும்.

“இன்னொருக்கா பார்ப்போமா?”

“வேண்டாம் டொக்டர், தலை சுத்துது.”

டொக்டர் வற்புறுத்தவில்லை. திங்கட்கிழமையே வேலைக்குப் போகலாம் என்றார். புளோறன்ஸுக்குக் கால் நிலத்தில் படவில்லை. ஓட்டோ பிடிக்க முன்னே ஓடினாள்.

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் ஆமிக்காரரின் சென்றிப் பொயின்ற்.

“நவத்தின்ன!”

கொன்ஸ்ரன்ரைன் உடனே நின்றார். நில் என்றால் நிற்கத் தெரியாதவரா அவர்? ஆனால் சொன்னவன் எங்கே? முன்னால் பஸ். வலது பக்கம் செவ்விளநீர்க் கடை. குரல் மறுபடி அதட்டியது, இன்னும் கிட்டத்தில். அவர் வலது பக்கமாகவே திரும்பித் திரும்பித் தேடினார். துவக்குக் கொளுவும் சத்தம் கேட்டது.

புளோறன்ஸ் தலைதெறிக்க ஓடிவந்து குறுக்கே விழுந்தாள்.

“லெடெக், மாத்தயா! லெடெக்!” நோயாளி, நோயாளி என்று, ஒன்றுமில்லை என்ற அதே வாயால் கத்தினாள்.

அவருடைய இடது தோளை உரசியபடி நின்ற சிப்பாய் துவக்கைத் தாழ்த்தினான்.

“ஆரோட கதைக்கிறாய், புளோறன்ஸ்?” என்று கேட்டார் கொன்ஸ்ரன்ரைன்.