சிம்காவுக்கு எந்த ஸ்பிரிங்

மழைக்காலம் முடிந்ததிலிருந்து சக்கரபாணி வாயைத் திறந்தால் ஸ்பிரிங் பேச்சுதான். இட்லியைப் பிட்டுக்கொண்டே பேசுவான், கை கழுவிக்கொண்டே பேசுவான். கேட்பதற்கு வீட்டில் இருந்தது மனைவி சுலோசனா ஒருத்தி. அவளும் கேட்டாள் என்று சொல்ல முடியாது. காது அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

கார் ஒரு சிவப்பு சிம்கா. இரண்டே பேர் உட்காரலாம், மேலே கூரை கிடையாது, ஸ்டியரிங் இடது பக்கம். பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருஷம் கப்பலேறிப் போன ஒரு வெள்ளைக்காரர் அவனிடம் தள்ளிவிட்டுப் போனது. வாரம் முழுக்க அதில்தான் உப்பளத்து வீட்டிலிருந்து அரியாங்குப்பத்து அரிசி மில்லுக்குப் போவான். ஆள் வராத நாளில் தவிட்டு மூட்டைகூட ஏற்றியிருக்கிறான். வருஷத்துக்கு ஒருமுறை அதே காரை மதராசுக்கு ஓட்டிப் போய், சோழவரத்துப் பழைய விமானத் திடலில் பந்தயம் விடுவான். பாகூரில் இருந்த அவனுடைய பங்காளிகள் ரேக்ளா மாடு வளர்ப்பவர்கள். பந்தய மாட்டை ஏர்ப்பக்கமே விடமாட்டார்கள். "ஒரே மாட்ட ஏருக்கும் பூட்டி ரேக்ளாவுக்கும் பூட்டுற ஆளு ஒலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா" என்று அவனைக் கண்ட இடத்தில் கேலி செய்வார்கள். அவர்கள் சொல்வதில்தான் உண்மையான சங்கடமும் இருந்தது. வளைவில் கார் சாயாமல் நிற்க வேண்டுமென்றால் ஸ்பிரிங் கெட்டியாக இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் கடலூர் ரோட்டின் ஒவ்வொரு பள்ளமும் நேராக இடுப்பு எலும்பில் வந்து எண்ணிவிட்டுப் போகும்.

போன வருஷம் கெட்டியைத்தான் போட்டான். பின்பக்கம் கூடுதலாக ஒரு ஸ்பிரிங் பட்டை வைத்து இறுக்கியிருந்தது. அந்தக் காரில்தான் சுலோசனா பிள்ளைத்தாச்சியாக ஊரெல்லாம் சுற்றினாள். குலுங்கினால் சிரிப்பாள். எட்டாம் மாசத்தில் வலி கண்டு, பிள்ளை பிறக்கும்போதே உயிர் இல்லை. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றிவிட்டது, காருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். யார் கேட்டார்கள்? மாமியார் அஞ்சலாட்சி ஆஸ்பத்திரி வாசலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். "கட்டவண்டியில போனவளுக்குக்கூட இப்பிடி ஆனதில்ல. இந்தச் செவப்புப் பேயில குலுக்குனா எப்பிடி நிக்கும்?" சக்கரபாணி தாயை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

பேர் வைக்காத பிள்ளைக்குத் துக்கம் கிடையாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். பந்தல் இல்லை, காரியம் இல்லை. கட்டிப்பிடித்து அழ ஒரு பெண்பிள்ளை வாசற்படி ஏறவில்லை. தாய் பார்த்தால் ஆகாது என்று துணியில் சுற்றி எடுத்துவிட்டார்கள். பெண் என்று பிரசவம் பார்த்த ஆயம்மா சொன்னாள், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சக்கரபாணிதான் தனியாகத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தான். எங்கே என்று சொல்லவில்லை. சுலோசனாவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். எல்லாம் முடிந்தது என்று எல்லோரும் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

முகம் எப்படி இருந்தது என்று அவனைக் கேட்க வேண்டும். முதலில் அது தொண்டை வரை வந்தது. அவள் வாயெடுக்கும்போதெல்லாம் அவன் மில் பேச்சை எடுத்தான், அப்புறம் ஸ்பிரிங் பேச்சை எடுத்தான். நாளாக ஆகக் கேட்கும் ஆசையே வற்றிவிட்டது. சோற்றில் உப்பு இல்லாதது தெரியவில்லை. கொதிக்கிற கஞ்சி கையில் பட்டு, கொப்புளம் கிளம்பிய பிறகுதான் பார்த்தாள். அழுகையும் வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்தவன் வீட்டுக்குள்ளேயே நடமாடுகிறான், இப்போது கேட்காவிட்டால் இந்த ஜென்மத்தில் கேட்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. அடுத்த வீட்டுக்காரியின் கஷ்டத்தைக் கேட்பது போல அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கெட்டியா, மெத்தா? நீயே சொல்லிடு சுலோ" என்றான் அவன்.

"உங்க இஷ்டம்."

"உக்காரப்போறவ நீதான?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவனுக்கோ இரண்டுமே சங்கடம். மெத்தென்று போட்டால் பிள்ளையைக் கொன்றது கார்தான் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். மறுபடியும் கெட்டியே போட்டால், அவனுக்கு அந்தப் பிள்ளை ஒரு பொருட்டே இல்லை என்று ஆகும். இரண்டில் எதைச் செய்தாலும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். பாவம், அதற்குத்தான் அவன் மாசக்கணக்கில் மதராசுக்கும் உப்பளத்துக்கும் அலைந்தான். பட்டறை வைத்திருந்த கலியமூர்த்திக்கு அவனைக் கண்டாலே அலுத்துப்போயிற்று.

"பொண்ணு பாக்கக்கூட யாரும் இத்தினி நாளு எடுத்துக்கல முசியே" என்றான் கலியமூர்த்தி, வெள்ளைக்காரர் காலத்து மரியாதை மாறாமல். "முடிவு பண்ண முடியாதவங்களுக்குன்னே ஒண்ணு வந்திருக்குது. சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு திருகு. முறுக்குனா கெட்டி, தளத்துனா மெத்து. பந்தயத்துக்கு முறுக்கிக்க, மத்த நாளு தளத்திக்க."

சக்கரபாணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எந்தப் பக்கமும் சாயாமல் இருக்க வழி கிடைத்தால் எந்த ஆம்பிளை விடுவான்? புதுப் பட்டை, திருகு வைத்த ஷாக் அப்சார்பர், எல்லாவற்றையும் மாட்டி, நான்கு திருகையும் நன்றாகத் தளர்த்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"நோணாங்குப்பம் வரைக்கும் ஒரு நட. தண்ணியில போற மாதிரி இருக்கும் பாரு."

பிள்ளை போன பிறகு அவள் அந்தக் காரில் ஏறியதில்லை. மாட்டேன் என்று சொல்லவும் ஒரு தெம்பு வேண்டுமே, அது இல்லாததால் ஏறி உட்கார்ந்தாள். அஞ்சலாட்சி கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

கார் உண்மையாகவே நன்றாகப் போயிற்று. முதலியார்பேட்டைப் பக்கம் சரளை கொட்டிய இடத்தில்கூட மிதந்தது. சுலோசனா கைகளை மடியில் போட்டுக்கொண்டு நேரே பார்த்திருந்தாள். காற்றில் முந்தானை பறந்தது, இழுத்துச் செருகவில்லை.

"எப்பிடி இருக்குது?"

"நல்லா இருக்குது."

"ரயில் கேட்ட தாண்டிட்டமே, தெரிஞ்சுதா?"

"எப்ப?" என்றாள்.

சக்கரபாணி ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தான். அதற்குத்தானே அவன் இவ்வளவு பாடுபட்டது! சுலோசனா தலையைத் திருப்பி, வந்த வழியைப் பார்த்தாள். தண்டவாளம் என்பது சின்ன விஷயமா, மாட்டுவண்டியின் அச்சையே முறிப்பது. அதன் மேல் போயிருக்கிறாள், அவள் உடம்புக்குத் தெரியவில்லை. காருக்குத் திருகைத் தளர்த்தியிருக்கிறார்கள், நம்மை யார் தளர்த்தினார்கள் என்று நினைத்தாள். பல மாசங்களில் அவள் முதன்முதலாகப் பயந்தாள். இப்படியே கிழவியாகி, இப்படியே செத்தும் போகலாம், எப்போது போனோம் என்றுகூடத் தெரியாது.

நோணாங்குப்பத்தில் ஆற்றோரமாகக் காரை நிறுத்தினான். பரிசலில் யாரோ கீரைக்கட்டு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் டீ வாங்கிவரத் திரும்பியபோது சுலோசனா இறங்கி வந்து கையை நீட்டினாள்.

"ஸ்பேனரக் குடுங்க."

"எதுக்கு?"

"முறுக்கணும்."

"ஏய், வாணாம். உனக்குத்தான தளத்துனதே. டாக்டரு—"

"டாக்டரு, காரு ஒண்ணும் பண்ணலன்னுதான் சொன்னாரு. நீங்கதான் நம்பல."

அவளே காரிலிருந்த கருவிப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தினாள். திருகு லேசில் அசையவில்லை. கொப்புளம் ஆறிய கைதான், இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். கீரைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பெண்டாட்டி மண்ணில் குந்தி மெக்கானிக் வேலை செய்ய, புருஷன் வெறுங்கையோடு நிற்பது அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு நல்ல தீனியாயிற்று. மூன்றாவது சக்கரத்துக்கு வந்தபோது சக்கரபாணி வெட்கம் தாங்காமல் ஸ்பேனரை வாங்கினான். மிச்சம் இரண்டையும் அவன் முறுக்கினான்.

"இன்னும்" என்றாள்.

"இதுக்கு மேல போவாது."

திரும்பும்போது கார் வேறு காராக இருந்தது. பாலத்தில் ஏறும்போதே பின்பக்கம் தூக்கி அடித்தது. அரியாங்குப்பத்துக் கடைத்தெருவில் ஒரு பள்ளம், அவள் பல் நாக்கில் பட்டு வாய்க்குள் ரத்தம் கரித்தது. கரிப்பதை நாக்கால் தடவிப் பார்த்தாள். அடுத்த பள்ளத்தில் இடுப்பு. அதற்கடுத்ததில் அடிவயிறு சுருக்கென்று இழுத்தது. பிள்ளை இருந்த இடம். வலித்தது. நிஜமாகவே வலித்தது.

அவள் கத்தினாள். எழவு வீட்டில் கத்துவார்களே, அந்தக் கத்தல். தலையில் அடித்துக்கொண்டாள். சைக்கிளில் போனவன் இறங்கி நின்று பார்த்தான். சக்கரபாணி பதறிப்போய் ஓரமாக நிறுத்தினான்.

"நான்தான் சொன்னனே! தளத்திடறேன், ரெண்டே நிமிசம், எறங்காத—"

"தொடாதீங்க அத!" என்று அவன் சட்டையைப் பிடித்தாள். "எம் புள்ள மூஞ்சி எப்பிடி இருந்துச்சு? சொல்லுங்க. யார மாதிரி இருந்துச்சு?"

சக்கரபாணி ஸ்டியரிங்கைப் பார்த்தான். மில்லைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, ஸ்பிரிங் பற்றியும் பேச ஒன்றுமில்லை. அவன் வாய் கோணியது.

"நெத்தி உன்னுது" என்றான். "தல நெறைய முடி. ஈரத்தோட ஒட்டிக்கினு இருந்துச்சு. தூங்கற மாதிரிதான் சுலோ. குழியில வெச்சிட்டு மண்ணத் தள்ள கை வரல. துணி கொஞ்சம் வெலகி மொகம் தெரிஞ்சுது. மண்ணு மொகத்துல படுமேன்னு என் சட்டையக் கழட்டி மேல போத்துனேன். அப்பறந்தான் தள்ளுனேன்."

அவனும் அழுதான். கடலூர் ரோட்டில், பட்டப்பகலில், திறந்த காரில் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதார்கள். சைக்கிள்காரன் என்ன ஏது என்று கேட்க வந்தவன், பக்கத்தில் வந்ததும் கேட்காமல் போய்விட்டான்.

வெகு நேரம் கழித்து அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எங்க?"

"தேங்காய்த்திட்டுல. ஆத்தோரமா ஒரு பூவரச மரம் இருக்குது, அதுங்கிட்ட."

"அங்க ஓட்டுங்க."

"காரு போற ரோடு இல்ல அது. வண்டித் தடம். இந்த முறுக்குக்கு ரொம்பக் குலுங்கும் சுலோ."

"குலுங்கட்டும்" என்றாள்.

அவன் சாவியைத் திருப்பினான். முருங்கப்பாக்கம் தாண்டி, கார் வலது பக்கம் மண்ணில் இறங்கியது.