காலருக்குக் காலர்

"சர்டிபிகேட்டை நான் என்ன தின்னுட்டாம்மா இருக்கேன்? பீரோவுல பத்திரமா இருக்கு" என்றார் சோலைராஜ்.

நூர்னிசா அவர் மேசையை விட்டு நகரவில்லை. ராஜபாளையத்தில் நூற்பு மில்களுக்கு ரோலர் செய்து கொடுக்கும் பட்டறை அவருடையது. ஆபீஸ் வேலைக்குச் சேருகிறவர்களின் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டிவைப்பது அவர் வழக்கம்; லேத் ஆட்களிடம் கேட்பதில்லை. கம்ப்யூட்டரில் படம் வரையும் நூர்னிசாவின் டிப்ளமோவும் அப்படித்தான் உள்ளே போனது. இப்போது ஓசூரில் கணவன் காதர் இருக்கும் கம்பெனியிலேயே அவளுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை ஒரிஜினலோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"நீ போயிட்டா கம்ப்யூட்டரை யாரு பாக்குறது? வேற ஆளு அதை ஓட்டிக் காட்டட்டும். அன்னைக்கே தாரேன்."

குறை அவர் மேல் மட்டும் இல்லை. ரோலரின் படம் இத்தாலியிலிருந்து ஃப்ளாப்பியில் வந்தது, ஒரே ஒரு நீளத்தில். இங்கே மில்லுக்கு மில் நீளம் வேறு. படத்தை மொத்தமாகப் பெரிதாக்கினால் பேரிங்கில் உட்காரும் முனைகளும் சேர்ந்து பருத்துவிடும். அதனால் ஒவ்வொரு நீளத்துக்கும் தனிப் படம் வரைந்து, தனக்கு மட்டும் புரிகிற பெயரில் சேமித்திருந்தாள். அந்தப் பெயர்களே அவளைக் கட்டிப்போட்டிருந்தன.

சாப்பாட்டு நேரத்திலும் எழுந்திருக்காமல் ஒரு புரோகிராம் எழுதினாள். முனைகள் இரண்டும் அப்படியே நிற்கும். நடுப்பகுதி மட்டும் நீளும், சுருங்கும். எல்லா மில்லுக்கும் ஒரே படம். 'லெங்த்?' என்று கம்ப்யூட்டர் கேட்கும். எண்ணைத் தட்டினால் போதும்.

லேத் ஓட்டும் சூசையை முன்னால் உட்கார வைத்தாள். ஐ.டி.ஐ. படித்தவன், கெட்டிக்காரன். எண்ணைத் தட்டினான், படம் வந்தது. அவனே ரோலரைக் கடைந்தும் கொடுத்தான். சுந்தரபாண்டியம் பக்கத்து மில்லுக்குப் போன ரோலர் மறுநாளே திரும்பி வந்தது. நீளம் பற்றவில்லை.

"பாத்தியா? நீ இல்லாம ஓடாது." சோலைராஜின் குரலில் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம்.

"சூசை, எந்த நீளத்தைப் போட்ட?"

"மில்லுல சொன்னதைத்தான்க்கா. காலருக்குக் காலர்."

நூர்னிசா நெற்றியில் அடித்துக்கொண்டாள். காலர் என்பது ரோலரின் முனை தொடங்கும் இடத்து வளையம்; மில் ஃபிட்டர்கள் அந்த இரண்டு காலர்களுக்கு இடையேதான் அளப்பார்கள். மீதி பேரிங்குக்குள் மறைந்திருக்கும். இத்தாலிக்காரன் படத்திலோ நுனியிலிருந்து நுனிவரை. இத்தனை நாளும் அந்த வித்தியாசத்தை அவள் மனதிலேயே கூட்டிக்கொண்டிருந்தாள். புரோகிராமுக்குச் சொல்ல மறந்துபோனாள்.

அன்றே மாற்றினாள். இனி அது 'காலர் டு காலர்?' என்று கேட்டு, மீதியைத் தானே கூட்டிக்கொள்ளும்.

சனிக்கிழமை சோலைராஜே வாயில் வந்த நீளங்களைச் சொன்னார். சூசை தட்டினான். நூர்னிசா வேண்டுமென்றே வாசலோரம் தள்ளி நின்றாள். எந்தப் படத்திலும் பிசகில்லை. மறுபடி கடைந்து அனுப்பிய ரோலர் சரியாக உட்கார்ந்துவிட்டதாக மில்லிலிருந்து போனும் வந்தது.

சோலைராஜ் முனகிக்கொண்டே சாவியை எடுத்தார். பீரோ திறந்தது. அவளுடைய கவர் வெளியே வந்தது, ஆனால் அவர் கையிலேயே நின்றது.

"ஏலே சூசை, இனிமே கம்ப்யூட்டர் நீதான். ஒன் ஐ.டி.ஐ. ஒரிஜினலைக் கொண்டா. அது உள்ள வந்ததும் இது வெளிய போகும்."

சூசை அவளைப் பார்த்தான். அவள் கவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுலதான் இருக்கு அண்ணாச்சி. செத்த நேரத்துல எடுத்துட்டு வாரேன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். வீடு அடுத்த தெருதான். டீ வந்தது, குடித்த கிளாஸும் போனது. அவன் வரவில்லை.

"வருவான்மா, எங்க போயிருவான்" என்றபடி சோலைராஜ் கவரை உள்ளே வைத்துப் பூட்டினார். "சும்மா நிக்காத. அதுவரைக்கும் ரோலரைச் சேக்குற கப்ளிங் படத்தையும் இதே மாதிரி ஆக்கிரு."

நூர்னிசா லேத் பக்கம் திரும்பினாள். ஆணியில் தொங்கும் சூசையின் தூக்குச்சட்டியைக் காணவில்லை. துண்டையும் காணவில்லை. திரும்பி வரப்போகிறவன் அவற்றைக் கையோடு கொண்டுபோக மாட்டான்.

சோலைராஜ் இன்னும் அதைக் கவனிக்கவில்லை. அவள் சொல்லவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.